இரண்டு முதலாளிகள், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு டிஸ்க்

பயந்த சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். தைரியசாலி, முடியாததை ‘முடியாது’ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான். பயந்தவன்தான் ‘சரிங்க’ என்று ஒப்புக்கொள்வான். ஒப்புக்கொண்டதோடு நிற்காமல் அதைச் செய்தும் வைப்பான்.

நான் ‘சரிங்க’ ரகம். முடி வெட்டுகிறவர் பின்னால் கண்ணாடியைப் பிடித்து “போதுமா சார்?” என்று கேட்டால், பாதி மண்டை பள்ளமாக இருந்தாலும் “சூப்பருங்க” என்பேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டால் அவரை எழுப்பப் பயந்து சமயபுரம் வரை போயிருக்கிறேன். (நான் இறங்க வேண்டிய இடம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு. வந்தது வந்தோம் என்று அம்மனையும் கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். எங்கள் வீட்டில் எல்லாரும் கோயிலென்று சொன்னால் சர்ச்சுக்குப் போகிறவர்கள்.)

இந்தக் குணத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு தடவை ஸ்ரீரங்கத்தில் ஒரு கூட்டுக் குடும்பத்தை இரண்டாகப் பிளக்கப் பார்த்தேன். அதற்கு எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் இரண்டு பழைய கம்ப்யூட்டர், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள், வெளியே தனியாக வைக்கிற ஒரு டிஸ்க் பெட்டி, கொஞ்சம் அரைகுறை அறிவு.

அப்போது படிப்பு முடிந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பாலக்கரையில் வீடு. சின்னக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் அமைத்துக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு ஜவுளிக்கடையில் மாட்டினேன். கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்னும் அந்தத் தெரு வழியாக நான் நடக்க வேண்டியிருக்கிறது.

கடைக்கு இரண்டு முதலாளிகள். கீழ்த்தளத்தில் பட்டு; அதற்கு அண்ணன் ரங்கராஜன். மேல்தளத்தில் வேட்டி, சட்டை, நூல் புடவை. அதற்குத் தம்பி கோவிந்தராஜன். ஸ்ரீரங்கத்தில் ஒரே வீடு, ஒரே சமையல். ஆனால் நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் அண்ணனும் தம்பியும் நேரடியாகப் பேசிப் பல மாதம் ஆகியிருந்தது. காரணம், கடை வாசல் கண்ணாடிக்குள் நடுவில் நிற்க வேண்டியது பட்டுப்புடவை கட்டிய பொம்மையா, பட்டு வேட்டி கட்டிய பொம்மையா என்ற கேள்வி. (நான் பார்த்தபோது நடுவில் யாருமே இல்லை. இரண்டு பொம்மைகளும் ஆளுக்கொரு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன.)

பேசிக்கொள்ளவில்லையே தவிர, இருவரும் ஒரே காரில்தான் ஸ்ரீரங்கத்திலிருந்து வருவார்கள். “டிரைவர், முன் சீட்டுல இருக்கறவர ஏசிய கொறைக்கச் சொல்லு” என்பாராம் அண்ணன். “டிரைவர், இருக்கறபடியே இருக்கட்டும்னு சொல்லு” என்பாராம் தம்பி. இதை எனக்குச் சொன்னவர் எங்கள் தெருக்காரரான செல்லமுத்து அண்ணன். முப்பது வருடமாகக் கடையின் மேற்பார்வையாளர். அந்த மாதங்களில் அவருடைய முக்கிய வேலை மாடிக்கும் கீழுக்கும் வாய்வழிச் செய்தி கொண்டுபோவது. மனிதர் இளைத்தே போய்விட்டார்.

பெரியவர் ரங்கராஜனின் மனைவி வேதவல்லி அம்மா ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“தம்பி, வீட்டுல பாகம் பிரிக்கற பேச்சு வந்துடுச்சு. கீழ வித்தத மறைக்கறாங்கன்னு அவருக்குச் சந்தேகம். மேல வித்தத மறைக்கறாங்கன்னு இவருக்குச் சந்தேகம். ரெண்டு பேரும் ஒரே கணக்கப் பாக்கற மாதிரி பண்ணிக் குடுத்துட்டீங்கன்னா சந்தேகம் போயிடும். பெருமாள் புண்ணியத்துல வீடு ஒண்ணா இருக்கும். உங்க கையிலதான் இருக்கு.”

என் கைக்கு அதுவரை வந்திருந்த பெரிய பொறுப்பு, எங்கள் சர்ச் பங்குத் திருவிழாவில் மைக் செட்டுக்குக் காவல் இருந்தது. “சரிங்கம்மா” என்றேன்.

சிக்கல் முதல் நாளே ஆரம்பித்தது. கணக்கை வைத்திருக்கும் முக்கியக் கம்ப்யூட்டர் எந்தத் தளத்தில் இருக்க வேண்டும்? கீழே வைத்தால் தம்பி ஒப்ப மாட்டார். மேலே வைத்தால் அண்ணன் கடையைப் பூட்டிவிடுவார். இரண்டு நாள் இன்டர்நெட்டில் தேடியதில் ஒரு வழி கிடைத்தது. கம்ப்யூட்டர் இரண்டு, இரண்டும் சமம். கணக்கு இரண்டிலும் இல்லாமல், வெளியே ஒரு பொதுவான டிஸ்க்கில் இருக்கும். இருவரும் அதிலேயே எழுதலாம், அதிலேயே படிக்கலாம். ஒன்று படுத்துவிட்டாலும் மற்றது வேலை பார்க்கும். இதற்கு கிளஸ்டர் என்று பெயர். பெரிய பெரிய வங்கிகள் வைத்திருக்கும் ஏற்பாடு.

சென்னைக் கம்பெனி ஒன்றிடம் விலை கேட்டேன். அவர்கள் அனுப்பியதைப் பார்த்துப் பெரியவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார். விலை மாறவில்லை.

“இதுல பாதியில முடியாதா தம்பி?”

“சரிங்க சார்.”

மாடிக்குப் போனேன். “அண்ணன் பாதின்னாரா? அந்தப் பாதியிலயும் பாதியில முடியும்னு போய்ச் சொல்லுங்க” என்றார் சின்னவர்.

“சரிங்க சார்.”

இப்படித்தான் வங்கிகளின் ஏற்பாடு, இழுத்து மூடிய ஒரு பிரவுசிங் சென்டரின் பழைய கம்ப்யூட்டர்களில் வந்து இறங்கியது. அவற்றில் ஒன்றை இயக்கினால் பழைய அரிசி மில் ஓடுவது மாதிரி சத்தம் வரும். இரண்டு கேபிள் சொருகக்கூடிய டிஸ்க் பெட்டி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அதை எங்கே வைப்பது? மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு சின்ன அலமாரி இருந்தது. செல்லமுத்து அண்ணன் துணி அளக்கும் கம்பியைக் கொண்டுவந்து கீழேயும் அளந்தார், மேலேயும் அளந்தார். பெட்டி இம்மி பிசகாமல் நடுவில் வைக்கப்பட்டது. இரண்டு முதலாளிகளும் தனித்தனியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பயங்கரம் உண்டு. ஒரே கரும்பலகையில் இரண்டு வாத்தியார்கள் எழுதுகிற மாதிரிதான் விஷயம். ‘இப்போது நான் எழுதுகிறேன், நீ கொஞ்சம் பொறு’ என்று இரண்டு கம்ப்யூட்டரும் விடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கென்றே இரண்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு தனிக் கேபிள். அந்தப் பேச்சு நின்றுவிட்டால், மற்றவன் செத்துவிட்டான் என்று இவன் முடிவு கட்டுவான். நிஜமாகவே செத்தானா, மயங்கிக் கிடந்துகொண்டு எழுதுகிறானா என்பது தெரியாது. அதனால் அவன் கரண்டை வெட்டிவிட்டுத்தான் இவன் தனியாக எழுதத் தொடங்கலாம். அப்படி வெட்டுவதற்கு ஒரு கருவி விற்கிறது. அதை வாங்கினால் பாதியின் பாதி என்ற கணக்கு உதைக்கும். வாங்கவில்லை.

கருவி இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் மனிதனைக் கேட்கும்: ‘மற்றவனின் கரண்டை வெட்டியாயிற்றா?’ பதில் வரும்வரை அசையாது. ஒத்திகையின்போது இரண்டு தடவை காரணமே இல்லாமல் கேட்டு, பில் போடுவது நின்றுபோய், பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் நாலு வரியில் ஒரு நிரல் எழுதினேன். அந்தக் கேள்வி எப்போது வந்தாலும், யாரும் எதையும் வெட்டாவிட்டாலும், உடனே ‘ஆம், வெட்டியாயிற்று’ என்று அது பதில் சொல்லிவிடும். அதாவது ‘சரிங்க’. என்னுடைய குணத்தையே அந்த இரண்டு பெட்டிகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்து ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் குடித்தேன்.

ஆடித் தள்ளுபடி நன்றாகவே ஓடியது. கீழே விற்றது மேலே தெரிந்தது. மேலே விற்றது கீழே தெரிந்தது. சந்தேகம் குறைந்தது. கார் டிரைவரிடம் ஏசி பற்றிய செய்திகள்கூடக் குறைந்துவிட்டதாகத் தகவல். எனக்கு மட்டும் பயம் குறையவில்லை. டிஸ்க் அலமாரியைக் கடக்கும்போதெல்லாம் அந்தோனியாருக்கு ஒரு வேண்டுதல் சொல்லிவிட்டுத்தான் படி ஏறுவேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

மதியத்துக்கு மேல் கடைக்குப் போனேன். தராசு, கத்தரிக்கோல், அளவுக் கம்பி, தையல் மெஷின் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு வரிசையாக இருந்தன. மாடிப்படி திருப்பத்தில் செல்லமுத்து அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் என் டிஸ்க் பெட்டி. எல்லாக் கேபிளையும் பிடுங்கிச் சுருட்டி வைத்திருந்தார். ஈரத்துணியால் பெட்டியின் நாலு பக்கமும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி! வருசம் பூரா நமக்கு உழைக்குது, ஒருநாளாச்சும் குளிப்பாட்ட வேணாமா? ஆஃப் பண்ணிட்டுத்தான் கழட்டுனேன், பயப்படாதீங்க.”

என் உடம்பில் இருக்கிற எல்லா நரம்பும் ‘வேண்டாம்’ என்று கத்தியது. ஆனால் நான் வேண்டாம் என்று சொன்னால் என்னவாகும்? பாலக்கரைக் கிறிஸ்தவப் பையன் வந்து பூஜையைத் தடுத்தான் என்றாகிவிடாதா? செல்லமுத்து அண்ணன் அப்படி நினைக்கிற ஆளே இல்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் வீட்டுக் குடிலுக்கு மணல் கொண்டுவந்து கொடுத்தவர். இருந்தாலும் பயந்தவனுக்கு இதெல்லாம் நேரத்துக்கு ஞாபகம் வருமா?

“தாராளமா பண்ணுங்கண்ணே” என்றேன். சொன்னதோடு விட்டேனா? அவர் சந்தனம் வைக்க வசதியாகப் பெட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். சூடு வெளியேறும் துளைகள் சந்தனத்தால் ஒவ்வொன்றாக அடைபட்டதை என் கண்ணாலேயே பார்த்தேன். பெரியவர் கற்பூர ஆரத்தியைப் பெட்டிக்கு ரொம்பவே கிட்டத்தில் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டேன். பக்தி என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள்.

விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துக் கடை திறந்தார்கள். நான் போவதற்குள் செல்லமுத்து அண்ணனே எல்லாவற்றையும் சொருகி முடித்திருந்தார். அண்ணன் கீழேயும் தம்பி மேலேயும் ஒரே நேரத்தில் கம்ப்யூட்டரைப் போட்டார்கள். (யார் முதலில் போடுவது என்ற பிரச்சினையை அப்படித் தீர்த்திருந்தார்கள்.) இரண்டும் வேலை செய்தன. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கேபிள்களைச் சரிபார்க்கலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது. சரிபார்த்தால் செல்லமுத்து அண்ணனை நம்பாத மாதிரி இருக்குமே என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் சத்தம் பொருள் கொடுக்கும் கவுன்டரிலிருந்து வந்தது. அங்கே ஒரே நம்பர் போட்ட இரண்டு பில்லை நீட்டிக்கொண்டு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் கையில் கூறைப்புடவைக்கான பில். இன்னொருவர் கையில் அதே நம்பரில் அரை டஜன் வேட்டி. கூறைப்புடவைக்காரர் வேட்டிப் பையை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னங்க, பொண்ணுக்கு வேட்டியா கட்டிவிடறது?” என்று கத்தினார்.

சிறிது நேரத்தில் பெரியவர் திரையை உற்றுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். மாடியில் ஒரே கூட்டம், படிகள் அதிர்கின்றன. ஆனால் அவர் திரையில் மாடி விற்பனை ஒன்றுமே இல்லை. மேலே சின்னவர் திரையில் கீழ்த்தள விற்பனை ஒன்றுமே இல்லை. பட்டுப்புடவைகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்துகொண்டு ஜனங்கள் வாசல் வழியாகப் போவதை அவர் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

செல்லமுத்து அண்ணனைக்கூடத் தூது அனுப்பவில்லை. அண்ணன் படியேறி வந்தார், தம்பி படியிறங்கி வந்தார். இருவரும் சந்தித்த இடம் மாடிப்படித் திருப்பம். அங்கே ஏற்கெனவே நான் டிஸ்க் பெட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, விரல் நகத்தால் சந்தனத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். என் தலைக்கு மேலே பல மாத மௌனம் கலைந்தது.

“மேல விக்கறத எந்தக் கணக்குல போடற? ஒரு பைசா காட்டலையே!”

“நீங்க காட்டுனீங்களா? காலைலேருந்து கீழ சேல் சைபர்னு இருக்கு. ஜனமெல்லாம் புடவைய சும்மாவா தூக்கிட்டுப் போகுது?”

“என்னையே திருடன்ங்கறியா?”

“நீங்கதான் மொதல்ல சொன்னீங்க!”

நான் மடிக்கணினியை இரண்டு கம்ப்யூட்டரோடும் மாற்றி மாற்றி இணைத்துப் பார்த்தேன். கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டர் சொன்னது: மேலே இருப்பவன் செத்துவிட்டான். மேல்தளத்துக் கம்ப்யூட்டர் சொன்னது: கீழே இருப்பவன் செத்துவிட்டான். கரண்டை வெட்டியாயிற்றா என்று இரண்டும் கேட்டிருக்கின்றன. என் நாலு வரி நிரல் இரண்டிடமும் ‘ஆம்’ என்று சொல்லியிருக்கிறது. காலையிலிருந்து இரண்டு பேரும் ஒரே டிஸ்க்கில், ஒருவன் எழுதியதன் மேலேயே மற்றவன் எழுதிக்கொண்டிருக்கிறான்.

சாம்பல் நிறக் கேபிளைக் காணோம்.

செல்லமுத்து அண்ணனைத் தேடி வாசலுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. கால் பின்னிக்கொண்டு பட்டுப் பிரிவில் விழுந்து, எழுந்து போனேன். அவரைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. கடை வாசலில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். இடது பக்கத்து வாழையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது என் கேபிள். முடிச்சு கல் மாதிரி இருந்தது.

“அதுவா தம்பி? ஒரு மெஷின்லேருந்து இன்னொரு மெஷினுக்குப் போகுது, டிஸ்க்குக்கும் போகல, கரண்டும் வரல. வேஸ்ட் வயருன்னு நெனச்சேன். நல்ல கெட்டியா இருந்துச்சு.”

அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் இரண்டு முதலாளிகளும் என்னை அடிப்பார்கள் என்று பயம். சொல்லாவிட்டால் ஒரு குடும்பம் பிரியும் என்று அதைவிடப் பெரிய பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு யோசனை தோன்றியது. யாருக்கும் தெரியாமல் கேபிளை அவிழ்த்துக்கொண்டு போய்ச் சொருகிவிட்டால்? பல்லால் கடித்து முடிச்சை அவிழ்த்தேன். வாழைக்கன்று சாய்ந்து ஒரு அம்மாளின் தலையில் தட்டியது. மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே ஓடி, அந்தோனியார், வேளாங்கண்ணி மாதா, சமயபுரத்து அம்மன் மூவரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டே கேபிளைச் சொருகினேன்.

செத்துப்போனதாக நினைத்த ஆள் திடீரென்று எதிரில் வந்து நின்றால் யாருக்கும் அதிர்ச்சியாகத்தானே இருக்கும்? இரண்டு கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் அலறியடித்துக்கொண்டு அணைந்தன. மறுபடி எழுந்து டிஸ்க்கைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டும் முதல் முறையாக ஒத்த கருத்துக்கு வந்தன: இதில் கணக்கு என்று எதுவும் இல்லை.

கடை முழுக்க பில் போடுவது நின்றது. மறுபடியும் மாடிப்படித் திருப்பத்துக்கு வந்து டிஸ்க் பெட்டியின் முன்னால் குந்தினேன். அங்கே சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. வேலையாட்கள் கீழ்ப்படிகளிலும் வாடிக்கையாளர்கள் மேல்படிகளிலும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஜயதசமிக்கென்று சக்கரைப் பொங்கல் தூக்கோடு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்திருந்த வேதவல்லி அம்மாவும் அவருடைய ஓரகத்தி கோமளா அம்மாவும் கூட்டத்தில் இருந்தார்கள். இருவர் முகத்திலும் ரத்தமே இல்லை.

பெரியவர் குரல் சட்டென்று தணிந்தது. கத்தியதைவிட அதுதான் எனக்குக் குலைநடுக்கத்தைத் தந்தது.

“போதும் கோவிந்தா. மானம் போகுது. நாளைக்கே ஆடிட்டரைக் கூப்ட்டு வீடு, கடை எல்லாத்தையும் ரெண்டா பிரிச்சுக்குவோம். என்ன சொல்ற?”

சின்னவர் உதடு துடித்தது, பதில் வரவில்லை. பதில் வராத கேள்வி காற்றில் நிற்பதை என்னால் தாங்க முடியாது. அது பிறவிக் கோளாறு.

“சரிங்க” என்றேன்.

அத்தனை தலைகளும் என் பக்கம் திரும்பின. பெரியவர் என்னைக் குனிந்து பார்த்தார். சின்னவரும் குனிந்து பார்த்தார். வேதவல்லி அம்மா தூக்கைக் கீழே வைத்தார். அந்தக் கணத்தில் மலைக்கோட்டைப் பாறை இடிந்து என் மேல் விழுந்திருந்தால் உச்சிப் பிள்ளையாருக்கு நன்றி சொல்லியிருப்பேன்.

“நீ யாருய்யா சரி சொல்றதுக்கு?” என்றார் சின்னவர்.

அழுதுவிட்டேன். இருபத்து நாலு வயது ஆண்பிள்ளை, நெற்றியில் சந்தனம், வாயில் வாழை நார், அழுகை. “நீங்க யாரும் எதையும் மறைக்கலைங்க சார். எல்லாம் என் தப்புங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காததால வந்த வினைங்க. பேச்சு நின்னதும், ‘அவன் இருந்தா என்ன செத்தா என்ன’ன்னு தனித்தனியா கணக்கெழுதி, இருந்ததையும் அழிச்சிடுச்சுங்க.”

வேலையாட்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பெரியவர் காது சிவந்தது. நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

“மெ… மெஷினைச் சொன்னேங்க!” என்று அலறினேன்.

முதலில் சிரித்தது கோமளா அம்மா. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டும் முடியவில்லை. வேதவல்லி அம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவர்கள் முன்னால் பேசிக்கொள்ளாத மாதிரி அத்தனை மாதமும் நடித்துக்கொண்டிருந்தார்கள் இருவரும் என்பது அந்தச் சிரிப்பில் அம்பலமாகிவிட்டது.

முதலாளிகள் சிரிக்கவில்லை. “பேக்கப் எடுத்து வெச்சிருக்கியா?” என்றார் பெரியவர். வாங்க, போங்க எல்லாம் போய்விட்டது.

“தினமும் எடுப்பேங்க.”

“எங்க வெச்சிருக்க?”

“பத்திரமா… அதே டிஸ்க்குலங்க.”

பெரியவர் தம்பியைப் பார்த்தார். “யாருடா இவனக் கூட்டிட்டு வந்தது?”

“நீங்கதாண்ணா பாதி விலையில முடிக்கச் சொன்னீங்க.”

“நீதானடா அதுலயும் பாதின்ன?”

“அது சரிண்ணா. இவன் எப்படி முடியும்னு சொன்னான்?”

“அதத்தான் நானும் கேக்கறேன்!”

இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். அண்ணனுக்கு வார்த்தை வராதபோது தம்பி எடுத்துக் கொடுத்தார். நான் அமைத்த கிளஸ்டர் என்ன செய்யும் என்று வாக்குக் கொடுத்திருந்தேனோ, அதை அன்றைக்குத்தான் என் கண்ணெதிரே பார்த்தேன்.

மறுநாள் கடையை மூடிச் சரக்கு எண்ணினோம். தீபாவளி வியாபாரத்துக்கு முன்னால் இப்படி நடந்தால் என்ன நஷ்டம் என்று நான் கேட்கவும் இல்லை, யாரும் சொல்லவும் இல்லை. ஸ்ரீரங்கத்து வீடே மலைக்கோட்டைக்கு வந்துவிட்டது. ஓரகத்திகள் இருவரும் ஒருவர் சொல்ல ஒருவர் எழுத, நடுநடுவே சொந்தக்காரர்களின் தலையையும் உருட்டினார்கள். அண்ணன் ஏணியில் ஏறினால் தம்பி பிடித்துக்கொண்டார். எனக்கு ஒதுக்கியது உள்பாவாடைப் பிரிவு. ஒவ்வொன்றையும் உதறி, நிறத்தையும் அளவையும் உரக்கச் சொல்ல வேண்டும். கீழே நின்று குறித்துக்கொண்டிருந்த பெண்கள், “சத்தமா சொல்லுங்க தம்பி, கேக்கல” என்று வேண்டுமென்றே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அந்த வருட தீபாவளிக்குக் கையால்தான் பில் எழுதினார்கள். அதற்குப் பிறகு எனக்கு வேலை தந்த கடைகளில் எல்லாம் கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அண்ணன் தம்பிக்குள் அதற்கப்புறம் சண்டையே வரவில்லை என்று சொன்னால் பெருமாளே நம்ப மாட்டார். வருடத்துக்கு ஒரு தடவையாவது பாகப் பிரிவினைப் பேச்சு வருமாம். வந்தவுடன் வேதவல்லி அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாராம்: “பிரிச்சுக்குங்க, நல்லா பிரிச்சுக்குங்க. வீட்டக் கொத்தனார் பிரிச்சுடுவாரு. சொத்த வக்கீல் பிரிச்சுடுவாரு. கடைக் கம்ப்யூட்டரப் பிரிக்கணுமே, ஜெரால்டுக்குப் போன் போடவா?” (ஜெரால்டு என்பது நான்.) பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடுமாம். இதைச் செல்லமுத்து அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

போன தை மாதம் அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோமளா அம்மாவின் பெண்ணுக்கு. பந்தியில் பெரியவரும் சின்னவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இருவரும் அன்பாகத் தலையசைத்தார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, இலைக்குப் பக்கத்தில் வைத்திருந்த போன்களை ஒரே நேரத்தில் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

வேதவல்லி அம்மா என் கையைப் பிடித்து மாப்பிள்ளை வீட்டாரிடம் இழுத்துக்கொண்டு போனார். “இவருதான் நான் சொன்ன ஜெரால்டு. இவருக்குப் பயந்துக்கிட்டுத்தான் எங்க குடும்பம் இன்னும் பிரியாம இருக்கு” என்று அறிமுகப்படுத்தினார்.

மாப்பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ பெரிய ரவுடி என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. சட்டென்று எழுந்து நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு கும்பிட்டார்.